கரி பஸ்ஸை நிறுத்திப் பெண் பார்த்தவன்

சின்னதுரை ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். குணம் பார்க்காமல் தாலி கட்டுவதில்லை. சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, குனிந்த தலையின் வகிட்டைப் பார்த்துவிட்டு வருவதெல்லாம் பெண் பார்ப்பதாகுமா?

"குணத்த எங்கடா பார்ப்ப? காதுலயா, மூக்குலயா?" என்றாள் அவன் அம்மா கெங்கம்மாள்.

"சோதிச்சுப் பார்க்கணும்மா."

"அஞ்சு பொண்ண வேணாம்னுட்ட. இது ஆறாவது. பொண்ணு தேடறியா, மாடு புடிக்கிறியா?"

"மாட்டையே பல்லைப் புடிச்சுப் பார்த்துதான வாங்கறோம்?"

கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கெடாரில் அவர்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி. அப்பா போனபிறகு சின்னதுரை ஏர் பிடித்துப் பார்த்தான். ஏர் ஒரு பக்கம் போனது, மாடு ஒரு பக்கம் போனது, அவன் விழுப்புரம் பக்கம் போய்விட்டான். அங்கே ஒரு பஸ் முதலாளியிடம் கண்டக்டர் வேலை. தோளில் தோல் பை, வாயில் விசில். ஊதினால் நகர்கிறது, ஊதினால் நிற்கிறது. மாடு இப்படி ஒருநாளும் பேச்சுக் கேட்டதில்லை.

அது சண்டைக் காலம். நாற்பத்து மூன்றாம் வருஷம். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கொளுத்தி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். வெள்ளை வேட்டியோடு திண்டிவனத்தில் ஏறியவர் விழுப்புரத்தில் இறங்கும்போது அவர் பெண்சாதிக்கே அடையாளம் தெரியாது. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். டிக்கெட் வாங்கினவர்களும் தள்ளவேண்டும்.

ஆறாவது பெண் திண்டிவனம் கரிக்கடை சுப்பராயலுவின் மகள் அம்சா. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் அவருக்குக் கரும்புக்கொல்லை இருந்தது. ஒரு வெள்ளத்தில் பெண்ணையாறு வந்து கொல்லையெல்லாம் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. மனுஷன் திண்டிவனம் வந்து கரிக்கடை போட்டார். போன வருஷம் அவர் மூணு மாசம் காய்ச்சலில் படுத்தபோது கடையை நடத்தியவள் அம்சாதான். பஸ் முதலாளிகளிடமே நின்று பேசினாள். "ஈரக் கரியா? எங்க, உன் கண்ணுல ஒத்திக் காட்டு" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவளுக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர்.

கரிக்கடையில் உட்கார்ந்தவளுக்குக் கரி பஸ்ஸைப் பற்றித் தெரியாதா? இந்தக் கேள்வி சின்னதுரைக்குத் தோன்றவே இல்லை. ஆண்பிள்ளை புத்தி.

வெள்ளிக்கிழமை அவள் அம்மாவோடு அவன் பஸ்ஸிலேயே விக்கிரவாண்டிக்குப் போகிறாள் என்று சேதி கிடைத்தது. சின்னதுரை டிரைவர் தாண்டவராயனிடம் திட்டத்தைச் சொன்னான்.

"நடு ரோட்ல பஸ்ஸ நிறுத்திப்புடுவோம்ணே. சித்திரை வெயிலு. அரை மணியில அவங்கவங்க குணம் வெளிய வந்துடும். அவ பொறுமையா குந்திக்கினு இருந்தா கட்டிக்கிறேன். கத்தினா ஏழாவது பொண்ணு."

"எப்டிடா நிறுத்துவ?"

"டிரம்முலேர்ந்து என்ஜினுக்குப் போற குழாயில ஒரு திருகு இருக்குதே. அத மூடிட்டா?"

"நின்னுடும்."

"அதான் வேணும்."

தாண்டவராயன் யோசித்தார். ஓசியில் அரை மணி பீடி பிடிக்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது, நெருப்பைப் பார்ப்பதுபோல் பின்னால் போய்த் திருகை மூடினான் சின்னதுரை. மிச்சமிருந்த புகையில் ஒரு பர்லாங்கு ஓடியது பஸ். அப்புறம் இருமியது. நின்றது.

திட்டம் பலித்தது. கால் மணியில் குணங்கள் வெளியே வந்தன. கோழிக்கூடையோடு வந்த பச்சைமுத்து பஸ் முதலாளியின் ஏழு தலைமுறையைத் திட்டினார். இன்னொருவர் பச்சைமுத்துவின் கோழிகளைத் திட்டினார். அம்சா மட்டும் ஜன்னலோரம் அமைதியாக மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

சின்னதுரைக்கு உள்ளம் குளிர்ந்தது. இதுவா வாய் ஜாஸ்தி? வாய் மெல்வதற்கு மட்டும்தானே திறக்கிறது!

இன்னும் கொஞ்சம் சோதிக்கலாமென்று பக்கத்தில் போனான். "பேஜாரு புடிச்ச வண்டிம்மா. சாயங்காலம் ஆயிடும். பரவால்லையா?"

"பரவால்லைங்க," என்றாள் அம்சா. தொலியை உதறிவிட்டு எழுந்தாள். இறங்கினாள். பின்பக்கம் போனாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு டிரம்மைத் தட்டினாள். குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

"கண்டக்டரே, கொஞ்சம் இப்டி வாங்க."

போனான்.

"கரி நல்ல கரி. எங்க கடைக் கரி. நெருப்பும் ஜோரா எரியுது. இந்தத் திருகு ஏன் மூடிக்கினு இருக்குது?"

"அது... தானா மூடிக்கும்."

"தானா மூடிக்கறதுக்கு இன்னா, தொட்டாச்சிணுங்கியா?"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். பச்சைமுத்து கோழியோடு முன்வரிசையில் நின்றார். தாண்டவராயன் பீடியோடு எங்கோ தூரத்தைப் பார்த்தார்.

"கெடாரு சின்னதுரைதான நீங்க?" என்றாள் அம்சா. "நெசத்தைச் சொன்னா திறப்பேன். இல்லைன்னா எல்லாரும் இங்கயே அடுப்பு வெச்சு சோறாக்கிக்கலாம். கரி இருக்குது."

சின்னதுரை பொய் சொல்ல வாயெடுத்தான். அவள் நெற்றியில் கரி ஒட்டியிருந்தது. புறங்கையால் துடைக்கப்போய் அது மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவன் சேர்த்துவைத்திருந்த பொய்யெல்லாம் மறந்துபோனது.

"நான்தான் மூடினேன். நீ கத்துவியா மாட்டியான்னு பார்க்கறதுக்கு."

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. நீ கத்தினாலும் சரி, கத்தாட்டியும் சரி. கட்டினா உன்னத்தான் கட்டுவேன்."

ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். அம்சா சிரிக்கவில்லை. அவள் முகம் சட்டென்று கெட்டியானது.

"ரெண்டு மாப்ள வந்தாங்க. ரெண்டு பேரும் கரிக்கடைப் பக்கமே போவக்கூடாதுன்னாங்க. கடை நடத்தறது எனக்குப் புடிச்சிருக்குது. கெடார்ல குந்திக்கினு என்னால கொல்லைய காக்க முடியாது. நீங்க இன்னா சொல்றீங்க?"

கெடாரில் அம்மாவுக்குத் துணையாக அவளை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் தனிக்காட்டு ராஜாவாக இருக்கலாமென்றுதான் அவன் நினைத்திருந்தான். அந்த நெற்றியை இன்னொருதரம் பார்த்தான்.

"விழுப்புரத்துலயே கடை போட்டுக்க. லீவு நாள்ல நானே மூட்டை தூக்கறேன்."

"இத்தினி பேரு சாட்சி."

"சாட்சி!" என்றார் பச்சைமுத்து. கோழியும் என்னவோ சொன்னது.

அம்சா திருகைத் திறந்தாள். முன்னால் என்ஜின் உறுமியது. சின்னதுரைக்குப் பறப்பது போலிருந்தது.

"அப்ப உனக்குச் சம்மதந்தான?"

"அது கேக்கறதுக்கு லேட்டுங்க. எனக்கு நேத்தே பூ வெச்சாச்சு."

ஐந்து பேரை வேண்டாமென்றவனுக்கு, வேண்டுமென்ற ஒருத்தி ஒரே நாள் வித்தியாசத்தில் கைநழுவிப் போய்விட்டாள். விசிலை வாயில் வைத்தான். காற்று வரவில்லை. படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தான். ஜன்னலுக்கு வந்துவிட்ட அம்சா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு... யாரு வந்து வெச்சாங்க?" என்றான் கடைசியாக.

அவளுடைய அம்மாதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பதில் சொன்னாள்.

"உங்கம்மாதாங்க மாப்ள. பஸ்ஸையும் நம்ப முடியாது, உங்களையும் நம்ப முடியாதுன்னு ரயில்ல வந்து வெச்சிட்டுப் போனாங்க."