வசனம் சாரின் தூக்கம்

நெய்வேலியில் வசனம் சார் தூங்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் பார்த்துக்கொள்ளும் கன்வேயர் பெல்ட். அங்கே இமை கொட்டமாட்டார். வெளியே வந்துவிட்டால் கல்யாணப் பந்தி, பேங்க் க்யூ, சலூன் நாற்காலி, எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கிவிடும்.

எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர். நிஜப் பெயர் பிளாக்கில் ஒருவருக்கும் தெரியாது. நம்மைக் காக்கிறவருக்குத் தூக்கமே கிடையாது என்று பைபிளில் வருகிற வசனத்தைக் கதவில் எழுதி ஒட்டியிருந்ததால் அந்தப் பெயர். அதற்கு அவர் சொல்லும் அர்த்தம்தான் விசேஷம்.

"அவரு முழிச்சிக்கினு இருக்காருங்க. அப்புறம் நான் எதுக்கு? ஒரு வேலைக்கு ரெண்டு ஆளா?"

சர்ச்சில் இதே வசனத்தைப் பற்றிப் பிரசங்கம் நடந்தபோதும் முதல் வரிசையில் குறட்டை விட்டவர். ஒருமுறை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறித் தூங்கிப்போனார். பஸ் டவுன்ஷிப்பைச் சுற்றி, அடுத்த ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி சுரங்க வாசலில் போய் நின்றது.

"என்ன சார், டபுள் டூட்டியா?" என்று சல்யூட் அடித்தாராம் செக்யூரிட்டி.

எனக்கு அவர் மேல் கொஞ்சம் இளக்காரம்தான்.

போன வருஷம் என் மகளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஆபரேஷன் முடிந்தும் ஜுரம் இறங்கவில்லை. இறங்கினால்தான் நம்பிக்கை என்றார் டாக்டர். மனைவி உள்ளே மகளோடு இருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மூன்று நாள் கண் மூடவில்லை. மூடினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயம்.

நான்காம் நாள் காலை வசனம் சார் வந்தார். நைட் ஷிப்ட் முடித்து நேரே, பூட்ஸில் கரித்தூளோடு.

"படுங்க."

"டாக்டர் கூப்பிட்டா?"

"நான் இருக்கேன்ல. படுங்க."

ஜன்னலில் வேப்பங்கிளை ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே எப்போது தூங்கினேனோ! கனவில் என் மகள் சுரங்கத்துக்கு மேலே, மேகத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனாள். மணிச் சத்தம்கூடக் கேட்டது.

விழித்தபோது மாலை வெயில். வசனம் சார் பெஞ்சு விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மிளகாய்ப்பழம்.

"ஜுரம் வுட்டுடுச்சுங்க. பாப்பா கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கு."

"நீங்க தூங்கவே இல்லையா சார்?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"அவரு பாத்துக்கினுதான் இருந்தாரு. நான் சும்மா, கூட உக்காந்தேன்."

ஓடிப்போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்ததும் தலை என் தோளில் சாய்ந்தது. அந்த மனுஷர் மேல் எனக்கு அப்படியொரு பிரியம் பொங்கியது.

வாட்ச்மேன் வந்தார். "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது. அவரை எழுப்புங்க."

"கொஞ்சம் விடுங்க," என்றேன். "நான் முழிச்சிருக்கேன்."