சகலையை வாட்டர் ஃபில்டர்காரராக்கிய வியாழக்கிழமை

மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய சகலை அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் பதினான்கு தொட்டிகளும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் இருபத்திரண்டு தொட்டிகளும் அவ்விதமே இருக்க விழைகிறேன். வீட்டிலுள்ளவர்களின் நலத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் தங்கள் வீட்டிலுள்ளவர் என் வீட்டிலுள்ளவருக்குத் தங்கை என்பதாலும், அக்காவும் தங்கையும் ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதாலும், அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விடுகிறேன். தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.

இதை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல், தாங்கள் பல் செட் செய்யும் லேபின் முகவரிக்கு அனுப்புவதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. நான்கு முறை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. போன சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை நர்சரியில், நிழல் வலைக்குக் கீழே, நாம் வழக்கமாக உட்காரும் கவிழ்த்த வாளிகளில் ஒன்றில் நான் உட்கார்ந்து, இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்சரிக்காரம்மா இரண்டு தடவை வந்து, "உங்க ஜோடி எங்க சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆகவே தங்களுக்கு என் மேல் கோபம் என்பது உறுதியாகிவிட்டது. வியாழக்கிழமை தங்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது ஏன் என்று விளக்கவே இந்தக் கடிதம். முப்பத்தோரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் நான். எத்தனையோ விபத்து அறிக்கை எழுதியிருக்கிறேன். அறிக்கை என்றால் எல்லாருக்கும் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுத வேண்டும். பொறுத்துக்கொள்ளவும்.

மூல காரணம் முடி. ஏழு மாதம் முன்பு மச்சினி தோள் அளவுக்கு முடி வெட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டம்மா கதவைத் திறந்தாள், பார்த்தாள், கன்னத்தைத் தொட்டு, "என்னடி, டைபாய்டா?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள் என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் மச்சினி வந்த காலோடு திரும்பிப் போனாள். இவள் "நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்?" என்றாள், அவள் "இன்னும் என்ன கேக்கணும்?" என்றாளாம், அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நடுவே கதவு சாத்தியாயிற்று. அக்கா தங்கச்சி சண்டையில் சகலைகள் பாடு, ரெண்டு பஸ்ஸுக்கு நடுவில் மாட்டின சைக்கிள் பாடு. அதனால்தான் நாம் நர்சரிக்கு ஓடினோம். வீட்டில் நான் சொன்னது "நடைப்பயிற்சி". நீங்கள் சொன்னது "ஓவர்டைம்".

இப்போது செடி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் முன்னால் நீங்கள் உங்கள் வெள்ளை ஆர்க்கிட்டின் பூந்தண்டில் முளைத்த குட்டியை, பல் லேப் கத்தியால் நறுக்கி, வெட்டின இடத்தில் பட்டைத்தூள் தடவி, குழந்தையை மாதிரி என் கையில் குடுத்தீங்க. அன்னிலேருந்து அது வேர் விட்டது, இலை விட்டது, பூ மட்டும் விடல. "அவசரப்படாதீங்க சகலை, அதுக்கும் ஒரு மூடு வரணும்"னு நீங்க சொல்லிச் சொல்லியே மூணு வசந்தம் போச்சு. இந்த வருஷம் குளிர் விட்ட கையோட, இலைக்கு நடுவுல பச்சையா ஒண்ணு தலை நீட்டிச்சு. வேரா தண்டான்னு நாம ரெண்டு வாரம் போட்டோவை வச்சிக்கிட்டு வாக்குவாதம் பண்ணினோம். தண்டுதான். பதினோரு மொட்டு. புதன்கிழமை காலைல முதல் மொட்டு விரிஞ்சுது. சகலை, என் சர்வீஸ்ல ஆயிரத்துக்கு மேல ஆளுங்களை லைசென்ஸ் வாங்க வச்சிருக்கேன், ஒருத்தர் பாஸானதுக்கும் எனக்குக் கண்ணு கலங்கினதில்ல. அன்னிக்குப் பல் தேய்க்கற பிரஷ்ஷோட நின்னு கலங்கினேன்.

அந்தப் பூவை நீங்க நேர்ல பாக்கணும்னுதான் வியாழக்கிழமை திட்டம் போட்டேன். பத்து மணிக்கு வீட்டம்மா கண் டாக்டர்கிட்ட போறா, ஒரு மணிக்கு முன்னாடி வரமாட்டா, நீங்க பதினொண்ணுக்கு வந்து பாத்துட்டுப் போயிடலாம். அவ கிளம்பின உடனே ஷேவ் பண்ணேன், இஸ்திரி சட்டை போட்டேன், தொட்டியை ஜன்னல்லேருந்து தூக்கி ஹால் மேஜைக்குக் கொண்டுவந்தேன். பாத்தா, பூ ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கிட்டிருக்கு. வர்ற விருந்தாளிக்கு முதுகைக் காட்டினா மரியாதையான்னு தொட்டியைத் திருப்பினேன். மொட்டு வந்தப்புறம் தொட்டியைத் திருப்பாதீங்க, தண்டு முறுக்கிக்கும்னு நீங்க தலைதலையா அடிச்சிக்கிட்டது அப்பத்தான் ஞாபகம் வந்துது. பழைய பழக்கம், என் வலது கால் தானா தரைல பிரேக்கை மிதிச்சுது. மிதிச்ச வேகத்துல முட்டி மேஜைல இடிச்சு, தண்டு ஒரு பக்கமா சாய, பக்கத்துல கிடந்த வீட்டம்மாவோட முடி கிளிப்பை எடுத்து, பென்சிலோட சேத்து முட்டுக் குடுத்தேன். அப்படியே மேஜையோட எல்லாத்தையும் ஜன்னலைப் பாத்துத் தள்ளிக்கிட்டு இருக்கறப்ப, பத்தே முக்காலுக்கு, கதவுல சாவி போடற சத்தம்.

கண்ணுல சொட்டு மருந்து விட்டு கால் மணி நேரம் உக்கார வச்சதுக்கு அப்புறம்தான் மெஷின் ரிப்பேர்னு சொன்னாங்களாம். டாக்ஸி பிடிச்சுத் திரும்பிட்டா. அந்த மருந்து விட்டா மூணு நாலு மணி நேரத்துக்குக் கிட்ட இருக்கறது எதுவும் சரியாத் தெரியாதாம். ஆனா என் சட்டை மட்டும் எப்படியோ தெரிஞ்சுது. "எதுக்கு இஸ்திரி சட்டை?"ன்னா. "காத்தாட"ன்னேன். "மேஜை ஏன் இங்க இருக்கு?"ன்னா. "அதுவும் காத்தாட"ன்னேன். அவ சோபாவில சாஞ்சு, கண்ணு மேல ஈரத் துணியைப் போட்டுக்கிட்டா. நான் உங்களுக்கு வராதீங்கன்னு சொல்லலாம்னு போனைத் தேடினா, போன் அவ சாஞ்சிருக்கற தலையணைக்கு அடியில. மணி பதினொண்ணு. நீங்க பெல் அடிச்சீங்க.

சங்கிலியை எடுக்காம நாலு விரக்கடை கதவைத் திறந்தேன். பேப்பர்ல சுத்தின எதையோ ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, சிரிச்ச முகமா நின்னீங்க. உள்ளேருந்து, "யாருங்க அது?"ன்னு சத்தம். சத்தியமா சொல்றேன், வேற எதுவும் வாய்ல வரல. "வாட்டர் ஃபில்டர்காரர்!"னு கத்திட்டேன். உங்களுக்குப் புரியட்டும்னு கண்ணடிச்சேன். ஆனா எனக்கு ஒத்தைக் கண்ணை அடிக்க வராது, ரெண்டும் சேந்துதான் மூடும். உங்களுக்கு அது, மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காம கண்ணை மூடிக்கிட்டான்னு தோணியிருக்கும். அவ இருந்த இடத்துலேருந்தே, "பாவம், வெயில்ல வந்திருப்பார், குடிக்கத் தண்ணியாவது குடுங்க"ன்னா. நான், "ஃபில்டர் விக்கறவருக்கு நாம தண்ணி குடுத்தா நல்லாவா இருக்கும்? எங்களுக்கு வேணாம் சார், போயிட்டு வாங்க"ன்னு கதவைச் சாத்தினேன். சாத்தறப்ப உங்க முகத்தைப் பாத்தேன். வேர் அழுகின செடியோட இலை மாதிரி தொங்கிப்போச்சு. அதுதான் சகலை, ஆறு நாளா என்னைத் தூங்க விடல.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சு வாங்கிட்டு, மேஜையைத் தள்ளற வேலைக்குத் திரும்பிட்டேன். அவளுக்கு மனசு கேக்கல. தடவித் தடவிப் போய்த் திறந்து பாத்திருக்கா. நீங்க போயிட்டீங்க. நீங்க கொண்டுவந்தது மட்டும் வாசல்ல இருக்கு. "ஏங்க, சாம்பிளை விட்டுட்டுப் போயிட்டாரே"ன்னு எடுத்துக்கிட்டு நேரா சமையலறைக்குப் போனா. அது உங்க ஊதா ஆர்க்கிட்டைப் பிரிச்சு, ஓட்டை போட்ட மண் தொட்டியில, கரித்துண்டும் மரப்பட்டையும் போட்டு எனக்காக நட்டுக்கொண்டு வந்ததுன்னு எனக்கு அப்பத் தெரியாது. நான் ஓடறதுக்குள்ள அவ பேப்பரைக் கிழிச்சு, தொட்டியை சிங்க்ல வச்சு, குழாயைத் திறந்துட்டா. அடியில ஒரு டம்ளர். கண்ணுகிட்ட டம்ளரைக் கொண்டுபோய், தள்ளிப் பிடிச்சு, மறுபடியும் கிட்டக் கொண்டுபோய், "என்ன கண்றாவி ஃபில்டர் இது, நல்ல தண்ணியை ஊத்தினா கறுப்பா வருது"ன்னா. "மேல என்னவோ இலை மாதிரி வேற முளைச்சிருக்கு"ன்னா. நான், "அது மூலிகை மாடல்"னு சொல்லி, டம்ளரைப் பிடுங்கி, தொட்டியைத் தூக்கிட்டு பால்கனிக்கு ஓடிட்டேன். தக்காளி நாத்துக்குப் பின்னாடி வச்சிருக்கேன். பயப்படாதீங்க, நல்லா நனைஞ்சதுல அதுக்கு லாபம்தான். முந்தாநாள் பாத்தேன், ரெண்டு வேர் நுனி பச்சையா கண்ணைத் திறந்திருக்கு.

சகலை, இப்ப மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். முப்பத்தோரு வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்தவங்க மேல கத்திக்கிட்டே இருந்தவனுக்கு ரிட்டயர் ஆனப்புறம் யார் வந்து பேசுவாங்க? சொல்லிக்குடுத்தவங்க யாராவது எதிர்ல வந்தாலும் சிக்னல் இல்லாமலே வேற தெருவுல திரும்பிடறாங்க. ஒரு இலைல புள்ளி வந்தா போன் பண்ணி, "வெயிலா, பூசணமா?"ன்னு கேக்க எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். மாவுப்பூச்சியைப் பல் லேப் ஊசியால ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்க இந்த உலகத்துல எனக்கு வேற யார் இருக்காங்க? பூ இன்னும் ரெண்டு மாசம் நிக்கும். ஆனா அதைத் தனியாப் பாத்துக்கிட்டிருக்கறது, ஜோக்கை நமக்கு நாமே சொல்லிக்கற மாதிரி இருக்கு.

அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இன்னிக்கு சாயந்திரம் டீ குடிக்கறப்ப வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லிடப் போறேன். நடைப்பயிற்சி பொய், ஃபில்டர் பொய், எனக்கு என் சகலை வேணும், உங்க சண்டையை நீங்க வச்சுக்குங்கன்னு நேருக்கு நேரா சொல்லிடப் போறேன். என்ன நடந்தாலும் சரி.

தங்கள் தொட்டிகளில் நத்தை ஏறாதிருக்கவும், வேர்கள் அழுகாதிருக்கவும், தாங்கள் செய்யும் பல் செட்டுகள் யார் வாயிலும் கழன்று விழாதிருக்கவும் மனதார வாழ்த்தி, தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,

தங்கள் பிரியமுள்ள மூத்த சகலை

பின்குறிப்பு: டீ குடிக்கும்போது சொன்னேன். பாதியிலேயே, "தெரியும், பிஸ்கட்டை எடுங்க" என்றாள். அவளும் மச்சினியும் நாலு மாதமாகத் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். வியாழக்கிழமை கதையை உங்கள் வாயால் கேட்டு மச்சினி இங்கே போன் போட்டாளாம், ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சிரித்தார்களாம். உங்களுக்குக் கோபமே இல்லையாம். உங்கள் போன் உரம் கரைத்த வாளியில் விழுந்துவிட்டதாம். சனிக்கிழமை நிஜமாகவே ஓவர்டைமாம். "ராசியானதை ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க ரெண்டு பேரும் இந்த ஹால்லயே உக்காந்து வேரைப் பத்திப் பேசுவீங்க. சனிக்கிழமை சாயந்திரம் வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? நாங்க ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்திருப்போம்" என்றாள். ஆகவே சண்டை தொடர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இந்தச் சனிக்கிழமையும் நாலு மணிக்கு, யாருக்கும் தெரியாமல், வந்துவிடவும். இந்தக் கடிதத்துக்கு இனி அவசியமே இல்லை. ஆனால் இவ்வளவு எழுதியாகிவிட்டது. தங்கையைப் பார்க்கத்தான் கிளம்புகிறாளாம், தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் நீட்டும்போது, தபாலில் வந்ததை வாங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும்.