முகவரி இல்லாத கம்ப்யூட்டர்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இருபத்திரண்டு வயதுவரை எனக்கு வாய் வந்ததில்லை. (இப்போதும் கொஞ்சம் திக்கும்.)

படிப்பு முடித்து வீட்டில் இருந்தேன். அப்பா தச்சர். காரைக்குடியில் விடுதியாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில் கதவு வேலை பார்த்தவர், அதை நடத்திய ஆச்சியிடம், "எம் மகளுக்குக் கம்ப்யூட்டர்ல தெரியாததே கெடையாது" என்று சொல்லிவைத்துவிட்டார். அங்கே வரவேற்பறை வேலை காலி. மறுநாளே அழைத்துப் போனார்.

போன நேரம், நான்கு விருந்தினர்கள் பெட்டியோடு நிற்கிறார்கள். மதுரையில் விமானம் பிடிக்க வேண்டும், டிக்கெட் அச்சாகவில்லை. டிக்கெட் இருந்தது முன்னறைக் கம்ப்யூட்டரில், பிரிண்டர் இருந்தது உள்ளறைக் கம்ப்யூட்டரில். அந்த உள்ளறைக் கம்ப்யூட்டரின் அடையாள எண்ணான ஐபி முகவரியைக் கண்டுபிடித்து முன்னறைக் கம்ப்யூட்டரில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவுதானே! உள்ளறைக் கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, கல்லூரியில் லினக்ஸ் கம்ப்யூட்டரில் பழகியபடி 'ஐஎஃப்கான்ஃபிக்' என்று அடித்தேன். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது விண்டோஸ். மெதுவாக அடித்தேன். ஓங்கி அடித்தேன். பதினோராவது முறை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அறிவித்தேன்:

"ஆச்சி, இந்தக் கம்ப்யூட்டருக்கு அட்ரஸே இல்ல."

"அட்ரஸ் இல்லாமயா ஏழு வருசமா எங்க வீட்டுல கெடக்கு?"

அப்பா முன்னால் வந்தார். "எம் மக சொன்னா சரியாத்தான் இருக்கும் ஆச்சி. நீங்க மிசினை மாத்திருங்க."

ஆச்சி சென்னையிலிருக்கும் தன் மகளைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். நான் அடித்ததைக் கேட்டு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அது லினக்ஸுக்கும்மா. விண்டோஸ்ல ரெண்டாவது எழுத்து எஃப் இல்ல, பி. ஐபிகான்ஃபிக்!"

அடித்தேன். முகவரி பளிச்சென்று வந்து நின்றது. டிக்கெட் அச்சாகி விருந்தினர்கள் ஓடினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரு" என்றார் ஆச்சி. "பதினோரு தடவ அசராம அடிச்சியே, அந்தப் பொறுமை போதும்."

வண்டியில் கோவிலூர் தாண்டினோம். அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏன் ஆத்தா, ஒரு எழுத்துக்கா இம்புட்டு?"

"கதவு ஒரு நூல் அளவு தப்புனா சாத்துமாப்பா?"

"சாத்தாது" என்றார்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா சொன்னார்: "ஆச்சி வீட்டுல அட்ரஸே இல்லாத கம்ப்யூட்டருக்கு, எம் மகதான் புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துச்சு. வந்த ஆளுகளெல்லாம் பிளேனைப் புடிச்சுட்டாகள்ல!"

எங்கள் சொந்தத்தில் இன்றுவரை கதை அப்படித்தான் உலவுகிறது. என் கணவர் கம்ப்யூட்டர் இன்ஜினியர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமனார் சொல்லும்போதெல்லாம், பலகாரத் தட்டைப் பார்த்தபடி, "ஆமாங்க மாமா" என்பார்.