ஒள்ளுப்பம் தாழ்த்திய கார்

நன்றாக ஓடுகிற எதையும் நன்றாக ஓட விடாத ஒரு வகை மனிதர் நம்மிடையே உண்டு. திருத்தக்காரர் என்று அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். பழுதானதைச் சரிசெய்கிறவர் என்று தப்பாக எண்ணிவிடாதீர்கள். பழுதான பொருளில் இவர்களுக்கு அக்கறையே கிடையாது. கால் உடைந்த கதிரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நல்ல கதிரையில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். உட்காரமாட்டார். குனிந்து, தலையைச் சரித்து, நாலு கால்களையும் நோட்டம் விட்டு, "இதில ஒள்ளுப்பம் சீவினா நல்லா இரிக்கும்" என்பார். மட்டக்களப்பில் ஒள்ளுப்பம் என்றால் கொஞ்சம், கொஞ்சத்திலும் கொஞ்சம். அந்த ஒள்ளுப்பத்துக்குப் பிறகு கதிரையில் பூனைகூட ஏறாது.

புளியந்தீவில் அரசாங்கக் கந்தோர்க் கிளாக்கராக இருந்த சில்வெஸ்டர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். வாடகை வீட்டுக்காரரின் சுவர்க்கடிகாரம் அவர் கைபட்ட பிறகு நேரத்தை ஒழுங்காகக் காட்டியது, ஆனால் மணியைத் தன் விருப்பப்படி அடித்தது. மாதா கோயில் ஆர்மோனியத்தைத் திருத்தினார். அன்றிலிருந்து அதில் ஒரு கட்டை பூசை முடியும்வரை விடாமல் ஊளையிட்டது. சொந்தக் குடையைத் திருத்தினார். அது வெயிலில் விரிந்தது, மழையில் மறுத்துவிட்டது. இப்படிப்பட்டவர் கையில் அறுபத்தைந்தாம் ஆண்டு ஒரு கார் வந்து சேர்ந்தது என்றால், அதை யாருடைய போதாத காலம் என்று சொல்வது?

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரையொருவர் சீமைக்குத் திரும்பும்போது கைமாற்றிவிட்டுப் போன பழைய பந்தயக் கார் அது. இரண்டே ஆசனம், நீண்ட மூக்கு, கன்வஸ் கூரை, பச்சை நிறம். சாவியைத் திருப்பினால் கிளம்பியது, பிரேக்கை மிதித்தால் நின்றது. சில்வெஸ்டருக்கு அது பெருங்குறையாகப் பட்டது. மூன்று மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தும் கைவைக்க ஓர் இடம் அகப்படவில்லை. பிறகு ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு பறக்கும் பந்தயக் கார் ஒன்றின் படத்தைப் பார்த்தார். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"உயரம் கூடிப்போச்சு. தாழ்ந்த கார்தான் வளைவில சாயாது" என்று மறுநாள் கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மட்டக்களப்பில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக நீட்டி நிமிர்ந்து கிடக்கிற தெருக்களில், கார் சாயுமளவுக்கு வளைவு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? திருத்தக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

இரும்புக் கொல்லர் தங்கராசாவும் அதைத்தான் கேட்டார். காரின் முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பட்டறையில் வைத்துக்கொண்டு, ஒன்றரைச் சுற்றை வெட்டிவிடச் சொன்னார் சில்வெஸ்டர். பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில் இரண்டை உருவிவிட்டு, மிச்சத்தை நெருப்பில் காய்ச்சித் தட்டையாக்கச் சொன்னார்.

"ஸ்பிரிங்குக்கு நெருப்புக் காட்டப்படாது கிளாக்கர் ஐயா" என்றார் தங்கராசா. "வில்லுத்தனம் பெய்த்திரும். மறுகா பாரம் ஏறினா படுத்திரும்."

"நான் புத்தகத்தில படிச்சித்துத்தான் வந்திரிக்கன்."

"புத்தகத்தில நெருப்புக் காட்டச் சொல்லி இரிக்கா?"

"படம்தான் இரிக்கி. அதில கார் தாழ்ந்திரிக்கி. நெருப்பில்லாம எப்படித் தாழும்?"

தங்கராசா இருபது வருடமாகக் கிளாக்கர்மாரோடு பழகியவர். துருத்தியை ஊதினார்.

கார் தாழ்ந்தது. ஒரு சாண் இடைவெளி இருந்த இடத்தில் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் சரியாக நின்றது. சில்வெஸ்டர் அந்தத் தீப்பெட்டியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வழியில் கண்டவரை நிறுத்தி, காருக்கடியில் வைத்துக் காட்டினார். மாரிகாலத்தில் தெருவுக்கு வருகிற தவளைகள் அதுவரை கார் வந்தால் அசையாமல் குந்தியிருந்து, அது கடந்ததும் தம் வேலையைப் பார்த்தன. இப்போது அவை பச்சை நிறம் கண்டாலே வேலிக்குள் பாய்ந்தன. தெருவில் உள்ள ஒவ்வொரு குழியும் சில்வெஸ்டரின் முதுகெலும்புக்கு அறிமுகமானது. இருந்தாலும் முகத்தில் என்ன பெருமை. வளைவு ஒன்று கிடைத்திருந்தால் காட்டியிருப்பார்.

இதற்கிடையில் அவருக்குக் கலியாணம் வேறு இருந்தது. பெண் எமிலி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். தாய் றோஸ்மேரி அங்கே மருத்துவிச்சி. கலியாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. கார்த்திகையில், மழைக்கு முன்னால் கலியாண வீட்டின் நல்ல கூரையில் ஏறிச் சில்வெஸ்டர் ஓடுகளை ஒள்ளுப்பம் திருத்தியிருந்தார். மழை கூரைக்கு வெளியே பெய்ததைவிட உள்ளே அதிகம் பெய்தது.

எமிலி அழவில்லை, சத்தம் போடவுமில்லை. "பதுளைக்கு மாற்றம் தாறாங்க. தை மாதக் கடைசிக்குள்ள பதில் எழுதணும்" என்றாள். "தை மாதம் பத்தொன்பதாந்திகதி புதன்கிழமை. அதுவும் தள்ளினா நான் ஓம் எண்டு எழுதிப்போட்டுப் பெய்த்திருவன். உங்களில கோபமில்ல. களைச்சுப் போனன்."

உலகத்தில் எதைப் பார்த்தாலும் எங்கே கைவைக்கலாம் என்று தோன்றுகிற சில்வெஸ்டருக்கு, எமிலியைப் பார்த்தால் மட்டும் அப்படி ஒன்றும் தோன்றுவதில்லை. அவளை அவர் அவ்வளவு நேசித்தார். அவள் பதுளைக்குப் போய்விட்டால் மீதி வாழ்நாளை ஆர்மோனியத்தோடுதான் கழிக்கவேண்டும்.

ஆகவே இந்தமுறை ஒன்றும் பிசகக்கூடாது என்று எல்லாவற்றையும் அளந்து வைத்தார். பெண்ணைப் புளியந்தீவுக் கோயிலுக்கு ஏற்றிவர மாப்பிள்ளையே போவது எந்த ஊரிலும் இல்லாத வழக்கம்தான். ஆனால் அந்தக் காரைக் குழி தெரிந்து ஓட்ட ஊரில் வேறு ஆளில்லை. வாவியைக் கடக்க மண்முனைத் துறையில் பாதை இருந்தது. பாதை என்றால் தெருவல்ல, கம்பூன்றித் தள்ளுகிற, வண்டிமாடும் காரும் ஏற்றுகிற பெரிய மிதப்பு. சனிக்கிழமையே போய்த் துறையும் பாதையும் சந்திக்கிற இடத்தைத் தீப்பெட்டியால் அளந்தார். இரண்டும் ஒரே மட்டம்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வெள்ளம் தெருவோரம்வரை நின்றது. விருந்தாளிகள் சேலையைத் தூக்கிக்கொண்டு வரலாமா? முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கிவிடும். சில்வெஸ்டர் மனு எழுதினார், கையெழுத்து வாங்கினார், நாலு பேரின் வாசலில் தவம் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரம் வெட்டப்பட்டது. புதன்கிழமை தெருக்கள் காய்ந்துவிட்டன. வாவி ஒரு முழம் தாழ்ந்துவிட்டது. வாவியோடு பாதையும் தாழ்ந்துவிட்டது. துறை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. காரையும் தாழ்த்தி, அதே மாரியில் வாவியையும் தாழ்த்திய மனிதர் மட்டக்களப்பில் அவர் ஒருவர்தான்.

காலையில் தனியாகப் போகும்போதே இறங்கும் இடத்தில் ஒருமுறை, ஏறும் இடத்தில் ஒருமுறை அடிவயிறு கிறீச்சென்று உரசியது. "சத்தம்தான்" என்று பாதைக்காரர் பாக்கியராசாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் சில்வெஸ்டர்.

அவர் அளக்காத ஒன்று இருந்தது. மட்டக்களப்பில் எந்தத் தாய் மகளை வெறுங்கையோடு அனுப்புவாள்? வெள்ளைச் சேலையோடு எமிலி முன்னால் ஏற, ஆசனத்துக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடுக்கில் றோஸ்மேரி ஏற, அவர் மடியில் கேக் பெட்டி ஏற, காலடியில் நாலு முட்டி எருமைத் தயிர், ஒரு மூடை புது அரிசி, இரண்டு பலாப்பழம், கடைசியாக உயிரோடு ஒரு சேவலும் ஏறின. ஏறிய ஒவ்வொன்றுக்கும் கார் ஒரு பெருமூச்சு விட்டது. "மாமி, அரிசியை மறுகா எடுப்பமே" என்று சில்வெஸ்டர் மெதுவாகக் கேட்டார். "நல்ல காரியத்துக்குப் போகக்க அரிசியை இறக்குறதா தம்பி?" என்றார் றோஸ்மேரி. சில்வெஸ்டர் சாவியைத் திருப்பினார்.

துறையில் முன்சக்கரம் இரண்டும் பாதைக்குள் இறங்கின. பின்சக்கரம் இரண்டும் கரையில் நின்றன. நடுவில் காரின் வயிறு துறையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மணி எட்டரை. பத்தரைக்கு மேல் நிற்கமாட்டேன், மாங்கேணியில் பூசை இருக்கிறது என்று கலியாணம் செய்துவைக்கிற சுவாமியார் முதல்நாளே சொல்லியிருந்தார்.

சில்வெஸ்டர் காருக்கடியில் தலையை விட்டார். "முன் ஸ்பிரிங்கை இன்னும் ஒள்ளுப்பம்..." என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"வெளியில வாங்க" என்றாள் எமிலி. காரை விட்டு இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு பாதையில் நின்ற சனத்தைப் பார்த்தாள். வண்டிக்காரர், மீன்காரர், சந்தைக்குப் போகும் பெண்கள் என்று முப்பது பேர் இருந்தார்கள். "எல்லாரும் அந்தத் தலைப்புக்குப் போங்க. வரிசையா. வண்டியையும் தள்ளுங்க." ரீச்சர் குரல் அல்லவா, மாடுகள்கூட வரிசையில் போயின. பாதையின் அந்த முனை அமிழ, இந்த முனை எழும்ப, முன்சக்கரம் உயர்ந்து கார் விளிம்பிலிருந்து விடுபட்டு, முன்னால் உருண்டு, தொம்மென்று பாதைக்குள் விழுந்தது.

விழுந்த கார் அப்படியே படுத்துவிட்டது. தங்கராசா சொன்ன வில்லுத்தனம் அந்தத் தொம்மில் முற்றாகப் போய், மட்கார்ட் நாலும் ரயர் நாலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. இப்போது அடியில் தீப்பெட்டியைப் படுக்கவைக்கவும் இடமில்லை. இந்தப் பக்கத்து எழுவான்கரைக்குப் பாதை வந்து சேர்ந்தபோது சனமெல்லாம் இறங்கியது. கார் இறங்கவில்லை. துறையில் புளியந்தீவு பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"எமிலி, ஒரு அஞ்சு நிமிஷம். இந்த மட்கார்ட்டை ஒள்ளுப்பம் நிமித்தினா..."

எமிலி ஒரு கையில் பூச்செண்டும் மறுகையில் தயிர் முட்டியுமாக இறங்கினாள். "நானும் அம்மாவும் பஸ்ஸில ஏறுறம். கோயிலுக்குப் போறம். நீங்க காரோட இரிக்கிறதெண்டா இரிங்க. திரும்பி வரக்க பதுளைக் கடிதத்தைப் போட்டுருவன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

சில்வெஸ்டர் காரைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். கையில் ஸ்பனர் இருந்தது. அவர் வாழ்நாளில் பாதியில் விட்டுவிட்டுப் போன திருத்தவேலை ஒன்றுகூட இல்லை. பஸ் நகரத் தொடங்கியது. பாக்கியராசா பின்னாலிருந்து, "ஐயா, கார் எங்கயும் போகாது. அதுக்கு ஏலாது" என்றார்.

அவர் ஓடினார். கோட்டு பறக்க, சப்பாத்து சேற்றில் வழுக்க, சேவலையும் தூக்கிக்கொண்டு ஓடி, பஸ்ஸின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மூச்சு வாங்க எமிலிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். அந்த இடத்தில் உட்காரும்போது சில்வெஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தே காலுக்குக் கலியாணம் முடிந்தது. மோதிரத்துக்காகப் பையில் கைவிட்டு முதலில் ஸ்பனரைத்தான் எடுத்தார், ஆனால் சுவாமியார் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கார் பன்னிரண்டு நாள் பாதையிலேயே கிடந்தது. ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவை வாவியைக் கடந்தது. கிழவிகள் அதில் சாய்ந்து வெற்றிலை போட்டார்கள், ஆடுகள் ஏறி நின்று காற்று வாங்கின. வளைவில் அது துளியும் சாயவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் பாக்கியராசா கந்தோருக்கே வந்து, "ஐயா, காரை எடுங்க, இல்லாட்டி தள்ளுறதுக்கு அதுக்கும் ஒரு கம்பு குடுங்க" என்றார். சில்வெஸ்டர் அன்றே உட்கார்ந்து மனு எழுதினார். ஸ்பிரிங்கை மாற்ற அல்ல. காரில் பிழை ஒன்றும் இல்லை, துறைதான் உயரம், அதை ஒள்ளுப்பம் வெட்டித் தாழ்த்தவேண்டும் என்று.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். கொல்லர் நெருப்பை மூட்டிய இடத்தில், 'காய்ச்சாமல் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகியிருந்தால் போதுமே' என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? துறையில் கார் உட்கார்ந்தபோது, ரயரில் காற்றை ஒள்ளுப்பம் கூட்டிப் பார்த்திருக்கலாமே என்று விரல் பரபரக்கவில்லையா? இல்லையென்றால் சரி. ஆமென்றால், கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போய், உங்களைக் கட்டிக்கொண்டவர் எந்த ஊருக்கு மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறார் என்று பணிவாக விசாரித்துக்கொள்ளுங்கள்.