பொருள்களைப் புகழ வேண்டாம்

உரல் வாசல்படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. டச்சுப் பேராசிரியர் அதைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பி நன்றி சொல்லியபடியே காரை நோக்கி நடந்தார். வாசலில் நின்று அபூ மிஜ்வல் கையசைத்தார். முகம் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

ஹியாம் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் கார் வளைவைத் தாண்டி ஸல்த் ஊரின் மலைச்சரிவில் இறங்கிவிட்டது.

"காபி இடிக்கிற உரல் எங்க போகுது?"

"நல்லா இருக்குன்னு சொன்னார்."

"சொன்னா?"

"'உங்களுக்கே'ன்னு சொன்னேன்."

"ஐயோ! அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லணும்? 'உங்ககிட்ட இருந்தாத்தான் அதுக்கு அழகு'ன்னு சொல்லணும். பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த மனுஷன் 'ரொம்ப நன்றி'ன்னு சொல்லித் தூக்கிட்டாரே, டாக்டரம்மா!"

ஹியாம் டாக்டர் இல்லை. ஆய்வுக்கு வழிகாட்டியவர் ஓய்வு பெற்றதோடு அவளுடைய ஆய்வும் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் சம்பளத்தைக் கூட்ட மனம் வராதவர்கள் எல்லாரும் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்குச் செலவு கிடையாது அல்லவா?

அவள் காப்பாட்சியர், ஆனால் எந்த அருங்காட்சியகத்துக்கும் அல்ல. கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். வங்கி முதலாளி சேர்த்த நாணயங்கள், மடாலயத்து விளக்குகள், செத்துப்போன தளபதியின் பதக்கங்கள் என்று எது கிடைத்தாலும் துடைத்து, எண் போட்டு, விவரச் சீட்டு எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை நீட்டுவாள். திறப்பு விழாவுக்கு அவளுக்கு அழைப்பு வராது. நாட்டில் உள்ள கண்ணாடிப் பெட்டிகளில் பாதியைப் பூட்டியவளுக்குத் தன் கைப்பையை வைத்துப் பூட்ட ஒரு மேசை இழுப்பறை கிடையாது.

அதை அபூ மிஜ்வல் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒப்பந்த வேலையில் சம்பாதித்தவர், வயதான காலத்தில் தாத்தா பெயரில் பழைய கல்வீட்டை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார். தொல்பொருள் துறையில் பதிவு கிடைத்துவிட்டால் நிரந்தரக் காப்பாட்சியர் ஒருவரை வைத்தே ஆகவேண்டும். அந்த நாற்காலி ஹியாமுக்கு. கதவில் பெயர்ப்பலகை உண்டு. வியாழக்கிழமை துறையின் ஆய்வாளர் சோதிக்க வருகிறார். பட்டியலில் இருப்பது பெட்டியில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

"பேராசிரியருக்கு ஃபோன் போட்டுத் திருப்பிக் கேளுங்க," என்றாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அதுக்கு நான் செத்துட்டேன்னு ஊருக்குச் சொல்லிடுங்க."

"சரி, இனிமே யார் எதைப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னாலும் நீங்க வாயைத் திறக்காதீங்க."

"விருந்தாளி வாய்விட்டுச் சொல்றார், நான் மரமாட்டம் நிக்கிறதா? எங்கப்பன் குழியிலேருந்து எழுந்து வந்து அறைவான்."

"அப்ப வியாழக்கிழமை வரைக்கும் மாடியிலயே இருங்க."

"என் வீட்டுக்கு ஆள் வரும்போது நான் மேல படுத்துக் கிடக்கறதா?"

அவரைத் திருத்த முடியாது என்று தெரிந்தபின், வருகிறவர்களைத் திருத்திவிடலாம் என்று ஹியாம் நினைத்தாள். படித்தவர்களுக்கு வரும் நினைப்பு இது. பெரிய அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதி வாசலில் மாட்டினாள்.

'அன்பான பார்வையாளர்களே, பொருள்களைப் புகழ வேண்டாம். மறந்துபோய்ப் புகழ்ந்துவிட்டால், வீட்டுக்காரர் "உங்களுக்கே" என்பார். உடனே நெஞ்சில் கைவைத்து, "உங்களிடம் இருந்தால்தான் அழகு" என்று பதில் சொல்லவும்.'

தூரத்தில் நின்று பார்த்தாள். எழுத்தும் நடையும் அவளுக்கே பிடித்திருந்தன.

மற்றவர்களுக்கும் பிடித்துவிட்டது. யாரோ அட்டையைப் படம் எடுத்து அனுப்ப, சாயங்காலத்துக்குள் அபூ மிஜ்வலின் குலத்தில் இருந்த எல்லாருடைய ஃபோனிலும் அது வந்துவிட்டது. அவர் வீட்டில் புகழ்ந்தால் பொருள் கிடைக்கும் என்ற சேதியை அதைவிடத் தெளிவாக யாராலும் எழுதியிருக்க முடியாது. மறுநாள் காலை அவருடைய சித்தப்பா மகன் அவ்வாத், பின்பக்கம் காலியாக இருந்த ஒரு வண்டியோடு வந்து இறங்கினான்.

"உரலை வெள்ளைக்காரனுக்குத் தூக்கிக் குடுத்தியாமே?"

"விருந்தாளிடா அவர்."

"அவன் விருந்தாளி. ரத்த சம்பந்தமான நான் யாரு? தெருவுல போறவனா?"

அவ்வாத் நேராக ஒட்டகச் சேணத்தின் முன் போய் நின்றான். சேணத்தை அவன் பார்க்கவில்லை. அண்ணன் வாயைத்தான் பார்த்தான்.

"அடேயப்பா! என்ன சேணம்! என்ன சேணம்! கண்ணை எடுக்க முடியலியே!"

"உங்களுக்கே," என்றார் அபூ மிஜ்வல். பல் பிடுங்கும்போது வருகிற சத்தம் மாதிரி இருந்தது.

ஹியாம் குறுக்கே புகுந்தாள். "ஐயா, பதில் வாசல்லயே எழுதியிருக்கு."

"படிச்சேம்மா. நல்ல எழுத்து. ஆனா அது வெளியாளுக்கு எழுதினது."

சேணம் போனது. அதோடு செம்புத் தாம்பாளமும், மோர் கடையும் தோற்பையும், மணப்பெண் பெட்டியும் போயின. பெட்டியைத் தூக்கும்போது அவ்வாதுக்கு மூச்சு வாங்கியது. அபூ மிஜ்வல்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தார்.

மிச்சம் இருந்தவற்றையாவது காப்பாற்ற வேண்டும். புகழ முடியாத பொருளை யார் புகழ்வார்கள்? ஹியாம் உட்கார்ந்து எல்லா விவரச் சீட்டுகளையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினாள். போனவற்றுக்கும் சேர்த்து எழுதினாள், ஒருவேளை திரும்பி வந்தால் என்று.

வாளின் சீட்டில் முன்பு, 'துருக்கியரைச் சிதறடித்த வீரவாள்' என்று இருந்தது. இப்போது, 'வாள். தொழிற்சாலைத் தயாரிப்பு. போரில் பயன்பட்டதற்கு அடையாளம் இல்லை. உறை வேறொரு வாளுக்கு உரியது' என்று எழுதினாள். துப்பாக்கிக்கு, 'சுடாது' என்று ஒரே வார்த்தை போதுமாக இருந்தது.

எழுத எழுத அவளுக்கே ஒரு விஷயம் உறைத்தது. பொருள்களைத் திட்டுவதற்காக உட்கார்ந்தவள் ஒரு பொய்கூட எழுதவில்லை. இத்தனை வருட வேலையில் இப்படி எழுதுவது இதுதான் முதல்முறை. இவ்வளவு நாளும் காசு கொடுத்தவனின் தாத்தாவுக்குத்தான் அவள் சீட்டு எழுதியிருக்கிறாள், பொருளுக்கு எழுதியதே இல்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அபூ மிஜ்வல் வாளின் சீட்டை வெகுநேரம் படித்தார்.

"எங்க தாத்தா சண்டையே போடலியா?"

"அது எனக்குத் தெரியாது, அபூ மிஜ்வல். இந்த வாள் போடல."

அவர் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவ்வாத் மறுபடியும் வந்தான். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தான். அவன் வாயிலிருந்து ஒரு பாராட்டும் வரவில்லை. ஹியாமுக்கு நிம்மதியாக இருந்தது.

"அப்ப இதெல்லாம் சும்மாவா?"

"சும்மாதான்," என்றாள் உற்சாகமாக.

"இந்தக் குப்பையைப் போயா பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க? இடத்தை அடைக்குது. நான் எடுத்துட்டுப் போறேன். பையன் கல்யாணத்துக்குச் சுவத்துல மாட்டினா வந்தவங்க படமாவது எடுத்துக்குவாங்க."

புகழ்ந்தால்தான் 'உங்களுக்கே' என்று சொல்ல வேண்டும். இகழ்ந்தால் அதுகூடத் தேவைப்படவில்லை. அபூ மிஜ்வல் முக்காலியிலிருந்து எழுந்திருக்காமலே, "கொண்டு போ," என்றார். வாளும் துப்பாக்கியும் கல்யாண வீட்டுக்குப் போயின.

புதன்கிழமை மாலை கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன, விவரச் சீட்டுகள் இருந்தன, இடையில் ஒன்றும் இல்லை. நடுப்பெட்டியாவது காலியாக இருக்கக்கூடாது என்று ஹியாமுக்குப் பட்டது. அம்மான் நகரத்துக்குப் போய், தன் வீட்டு அலமாரியிலிருந்து அம்மாவின் பித்தளைக் காபிக் கெண்டியை எடுத்து வந்தாள். அம்மா இறந்தபின் அண்ணன் தம்பிகள் பங்கு போட்டு முடித்து மிச்சம் வைத்தது அது ஒன்றுதான். 'கெண்டி. ஒரு சாதாரண வீட்டில் தினமும் அடுப்பில் இருந்தது,' என்று சீட்டு எழுதினாள்.

"இது எங்கம்மாவோடது. இதை மட்டும்..."

அபூ மிஜ்வல் அவளை முடிக்கவிடவில்லை. மீசைமேல் கையை வைத்தார். "இந்த மீசை மேல சத்தியம், டாக்டரம்மா. என் உசுரே போனாலும் அந்த வார்த்தை வாயில வராது."

வியாழக்கிழமை ஆய்வாளர் நாஜிஹ் வந்தார். ஒல்லியான மனிதர், எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுகிற ஆள். வாசல் அட்டையை உதடு அசைய ஒருமுறை படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தார். "நல்ல விதி," என்று தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். வண்டியை நிழலில் நிறுத்தப் போன அவருடைய டிரைவர், பின்வாசல் வழியாக வந்ததால் அட்டையைப் பார்க்கவில்லை.

"சேணம்னு சீட்டு இருக்கு. சேணத்தைக் காணோமே?"

"இருந்துச்சு," என்றார் அபூ மிஜ்வல்.

"வாள்?"

"அதுவும் இருந்துச்சு."

நாஜிஹ் ஒவ்வொரு காலிப் பெட்டிக்கும் முன்னால் நின்று சீட்டை முழுசாகப் படித்துவிட்டு நகர்ந்தார். டிரைவர் நடுப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அட! எங்கம்மா வச்சிருந்த கெண்டி மாதிரியே இருக்கே! எவ்வளவு அழகு!"

ஹியாம் அபூ மிஜ்வலைப் பார்த்தாள். அவர் மீசையை இறுகப் பிடித்துக்கொண்டார். உதட்டைக் கடித்தார். கழுத்து சிவந்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜெயித்துவிடுவார் என்று ஒரு கணம் அவள் நம்பினாள்.

"உங்களுக்கே!" என்று வெடித்துக்கொண்டு வந்தது.

"அல்லா உங்க கையை நிறைக்கட்டும், மாமா," என்று டிரைவர் கெண்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அது என்னுடையது என்று ஹியாம் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்தவன் கையிலிருந்து பிடுங்குவது எப்படி? அவளும் இதே மண்ணில் பிறந்து தொலைத்தவள்தான். அம்மாவின் கெண்டி கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு, "நல்லா உபயோகப்படட்டும்," என்றாள்.

நாஜிஹ் குறிப்பு எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"பொருளே இல்லாத இடத்தை அருங்காட்சியகம்னு நான் எப்படிப் பதிவு பண்றது, அபூ மிஜ்வல்? தப்பா நினைச்சுக்காதீங்க."

பதிவு போனது. நாற்காலியும், பெயர்ப்பலகையும், மேசை இழுப்பறையும் அதோடு போயின. ஹியாம் காலிப் பெட்டி ஒன்றின்மேல் சாய்ந்து நின்றாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் நாஜிஹ். "இந்தச் சீட்டெல்லாம் யார் எழுதினது?"

"இவங்கதான். டாக்டர் ஹியாம்."

"நானும் நாடு முழுக்கப் பாத்துட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் ஆயிரம் தலை வெட்டின வாள்தான். பொய் இல்லாத சீட்டை இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன். எங்க துறையில காப்பாட்சியர் நாற்காலி ஒண்ணு ரொம்ப நாளா காலியாவே கிடக்கு. நிரந்தர வேலை. இப்படி எழுதற ஆள் கிடைக்கமாட்டேங்குது. நீங்க குடுத்து வச்சவர், அபூ மிஜ்வல். அடடா, எப்பேர்ப்பட்ட ஆளை வச்சிருக்கீங்க!"

அபூ மிஜ்வல் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

சேணத்தோடு சேணமாகத் தன்னையும் தூக்கிக் கொடுக்கப் போகிறார் என்று ஹியாமுக்குப் புரிந்தது. கோபம் வர வேண்டும். வரவில்லை. அவள் கை தானாகவே கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தது. மூடச் சொல்லி இத்தனை நாள் மன்றாடிய அந்த வாயை, திற, திற என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அபூ மிஜ்வல் அவளைக் கைவிடவில்லை.

"உங்களுக்கே, ஐயா! இப்பவே வண்டியில கூட்டிட்டுப் போங்க!"

நாஜிஹ் பதறிப்போனார். கெண்டியும் கையுமாக நின்ற டிரைவரை ஒரு முறை முறைத்தார். வாசல் அட்டைப் பக்கம் ஒருதரம் கண்ணை ஓட்டிக்கொண்டார். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்:

"உங்களிடம் இருந்தால்தான் அழகு."