பல் டாக்டருக்கு நான் கொடுத்த புத்தகம்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

இங்கு உங்கள் தங்கை பரிபூரண நலம். நான் கீழ்வரிசையில் இடது கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் நலம். அங்கு வீட்டில் அனைவரும் பல் உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் உங்களுக்கு நல்ல சிநேகிதராகிவிட்டார் என்றும், அவருக்குப் படிக்கக் கொடுக்க நல்ல புத்தகமாக ஒன்றிரண்டு சொல்லும்படியும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் உடனே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மச்சான், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவருக்குக் குடை வாங்கிக் கொடுங்கள். டார்ச் லைட் வாங்கிக் கொடுங்கள். புத்தகம் மட்டும் வேண்டாம். ஏன் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன், கேளுங்கள்.

என்னோடு தினமும் காலையில் பூங்காவில் ஏழு சுற்று நடக்கும் பல் டாக்டரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர். தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, பாடப் புத்தகத்தைத் தவிர அவர் வேறு எதையும் படித்ததில்லை. இதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷம் அவர் தலையைத் தின்றேன். நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் சரி என்றார். வீட்டுக்கு ஓடிவந்து அலமாரியிலிருந்து ஒரு குண்டான துப்பறியும் நாவலை எடுத்துப் போய்க் கொடுத்தேன். ஒரு பங்களா, ஒரு கிழப் பணக்காரர், அவரை யாரோ கொன்றுவிடுகிறார்கள், வீட்டில் உள்ள அத்தனை பேர் மீதும் சந்தேகம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். “எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க, டாக்டர்” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவரும் கீழே வைக்கவில்லை, மச்சான். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வருவதற்குள் இரண்டு பக்கம் படித்தார். வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு அரைப் பக்கம் படித்தார். அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறைக்க ஆரம்பித்தார். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. இந்தச் சமயம் பார்த்துத்தான் என் கடைவாய்ப் பல் கெட்டுப்போய், வேர் வரைக்கும் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், மூன்று தடவை வரவேண்டும் என்றார். இரண்டாவது தடவை போய், நாற்காலியில் சாய்ந்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, ஊசியும் போட்டாகிவிட்டது. மரத்துப் போகக் காத்திருக்கும் நேரத்தில் அவர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். எண்பத்தேழாம் பக்கம்.

இங்கே என் பழைய உத்தியோகத்தை நினைத்துப் பாருங்கள். முப்பத்தொரு வருஷம் வரைபடம் போட்டவன் நான். பென்சில் இல்லாமல் எனக்குக் காகிதத்தைப் பார்க்கத் தெரியாது. எந்தப் புத்தகம் படித்தாலும் ஓரத்தில் அம்புக்குறி போட்டு, மனதில் பட்டதை அச்சு மாதிரி எழுதி, சுற்றிக் கட்டமும் போட்டுவிடுவேன். டாக்டருக்குக் கொடுக்கும் அவசரத்தில் இது மறந்தே போயிற்று. எண்பத்தேழாம் பக்கத்து ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்தது: ‘கொன்றது இந்தச் சமையல்காரிதான். சந்தேகமே இல்லை.’

டாக்டர் முகமூடியை இறக்கினார். புத்தகத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

என் வாயில் பஞ்சு, உதடு மரக்கட்டை. ஏதோ சத்தம் போட்டேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டுப் பல்லில் தற்காலிகமாக ஒரு சிமெண்டைப் பூசினார். மூன்றாவது தடவை எப்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவதாக நர்ஸம்மா சொன்னார். வாசல் வரை வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மறுநாள் முதல் டாக்டர் பூங்காவில் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார். என் முகத்தில் விழிக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு, ஆனால் இப்போதுதான் சுற்றுக்கு இரண்டு தடவை நேருக்கு நேர் வந்தோம். இரண்டு தடவையும் அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டு போனார். நான் என்ன சொல்லட்டும்? சமையல்காரி இல்லை என்று சொன்னால் அது கதையைச் சொன்னதாகிவிடும். அவள்தான் என்றால் அதைவிட மோசம். ஒரு உறையில் புது ரப்பர் ஒன்றைப் போட்டு, அழித்துக்கொள்ளட்டும் என்று நர்ஸம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். ‘நோயாளி மறந்துவிட்டுப் போன பொருள்’ என்று எழுதி அதே உறையில் திரும்பி வந்துவிட்டது. உங்கள் தங்கை, “பல்லுக்கு வேற டாக்டர் இல்லையா?” என்று கேட்டாள். பல்லுக்கு இருக்கிறார்கள், மச்சான். ஏழு சுற்றுக்கு யார் இருக்கிறார்கள்? பத்து நாள் வலது பக்கமாகவே மென்று, தனியாக நடந்து, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்ததும் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், பஞ்சை வைத்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கோபத்தோடு மேலே படித்திருக்கிறார். நூற்றிருபதாம் பக்கத்தில் நான் ‘சமையல்காரி அப்பாவி. வக்கீல்தான்’ என்று எழுதியிருந்தேனாம். நூற்று அறுபத்து மூன்றில் ‘வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டக்காரன்’ என்று இருந்ததாம். இருநூற்றொன்றில், ‘செத்தவரே செய்திருப்பார்’ என்று எழுதி இரட்டைக் கட்டம் போட்டிருந்தேனாம். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா உள்ளே ஓடிவந்துவிட்டார்.

பிறகு பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார்: “நாப்பது வருஷமா என் எதிர்ல உக்காந்தவங்க எல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டுப் பேசாம இருந்தவங்கதான். இதைப் படிக்கிறப்பதான் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வர்ற மாதிரி இருந்தது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “எரநூத்தியொண்ணுக்கு அப்புறம் நீங்க ஒண்ணுமே எழுதலையே, ஏன்? நாளைக்கு நடக்கும்போது முடிவைப் பத்திப் பேசணும்.”

நல்ல வேளை, வாயில் பஞ்சு இருந்தது. மச்சான், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் அந்தப் புத்தகத்தை அதற்கு மேல் படிக்கவே இல்லை. இருநூற்றொன்றில் கொட்டாவி வந்து மூடி வைத்தவன் மறுபடி திறக்கவில்லை. கீழே வைக்க மாட்டீர்கள் என்று அவருக்குச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவனும் நான்தான். புத்தகமோ அவரிடம். நாளைக் காலை என் வண்டவாளம் தெரிந்துவிடும். மறுபடி மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தால் இந்த முறை என்னால் தாங்க முடியாது. ஆகவேதான் சொல்கிறேன், சிநேகிதருக்குக் குடை போதும். குடையின் முடிவு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வயதில் மூத்த உங்களுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். பல்லை எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கடிதத்தை நேற்றே தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று காலை முதல் சுற்றிலேயே, ஆனது ஆகட்டும் என்று, “டாக்டர், எரநூத்தியொண்ணுக்கு மேல நான் படிக்கல” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு முழுச் சுற்று மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு, “நானும்தான். உங்க எழுத்து இருக்கான்னு புரட்டிப் பாத்தேன், முடிவை உங்ககிட்டயே கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். நீங்க பக்கத்துல இல்லாம ஓடல” என்றார். நாளை முதல் நடந்து முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்துப் பக்கம் சத்தமாகப் படிப்பதாக ஏற்பாடு. பென்சில் என் பொறுப்பு. ஆகவே குடை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சிநேகிதருக்குப் புத்தகமே கொடுங்கள், நீங்கள் பாதியில் விட்டதாகப் பார்த்துக் கொடுங்கள். கைவசம் அப்படி எதுவும் இல்லையென்றால் எழுதுங்கள். என் அலமாரியில் வேறு வகை இல்லை என்கிறாள் உங்கள் தங்கை.