அப்பா கையை ஆட்டினால்

மூன்றாவது முறையும் டிவி அவரை ஓர் ஆளாக மதிக்கவில்லை.

"இரண்டு பேர் தெரிகிறார்கள். மூன்றாவது ஆள் கேமராவுக்கு முன்னால் வரவும்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் தேனொழுகச் சொன்னது. மூன்றாவது ஆளோ ஐந்து நிமிடமாகக் கேமராவுக்கு முன்னால்தான் நட்டுவைத்த கம்பம் போல நின்றுகொண்டிருந்தார். ஆறடி உயரம், எண்பத்தைந்து கிலோ. கண்ணில் படாமல் போவதற்கு அவர் என்ன தூசியா?

"கையைக் காலை ஆட்டுங்கப்பா. சும்மா நின்னா அது உங்களை நாற்காலின்னு நினைச்சுக்கும்" என்றாள் பெரியவள். அவளுக்கு ஏழு வயது. அவளுக்குப் பக்கத்தில் நாலு வயதுப் பொடியன், யாரும் சொல்லாமலே கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"காரணம் இல்லாம கையை ஆட்டக் கூடாதும்மா" என்றார் அப்பா.

அது அவர் தொழில் தர்மம். அடுக்குமாடிகள் கட்டுகிற இடத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை அவருக்கு. உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது, காதில் எதுவும் விழாது. பச்சைக் கோட்டு போட்டு நிற்கிற மனிதரின் கைதான் அவருக்குக் கண்ணும் காதும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் பாரம் ஏறும். கீழே காட்டிச் சுழற்றினால் இறங்கும். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது; சொறிந்தால் மூன்று டன் இரும்பு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? இருபது வருடமாக மூக்கைச் சொறியாமல் பேர் எடுத்தவர் அவர்.

அந்தப் பேர் வெளியில்தான். வீட்டில் செல்லுபடியாகவில்லை. பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரை அழைத்துவர வேண்டும், அவர் தன் வேலையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். யாரை எழுதப் போகிறாய் என்று அப்பா ஆசையாகக் கேட்டபோது, பல் டாக்டர் மாமாவை என்றாள் பெரியவள். ஏன், அப்பாவைக் கூப்பிடக் கூடாதா? அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க போய்க் கையை ஆட்டிட்டு வர்றீங்க. அதை எப்படிப்பா வகுப்புல சொல்றது?" என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டாள்.

மூன்று நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மச்சான் நல்ல மனிதர்தான். ஆனாலும் பிறத்தியார் பல்லைப் பிடுங்குகிறவர் தன் இடத்தையும் பிடுங்குவதா என்று இருந்தது.

சனிக்கிழமை விடுமுறை, மனைவிக்கு மட்டும் வேலை. பிள்ளைகள் இந்த விளையாட்டைப் போட்டதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. திரையில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா: ரயில், படகு, ராட்டினம், பலூன். கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. டிவி தலையில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கேமரா நம் கை அசைவதைப் பார்த்து எல்லாவற்றையும் ஓட்டும். கையாலேயே ஓட்டுவதா? இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது. இதில் அப்பா ஜெயித்தால் தாளில் அப்பா பேரை எழுதுவாயா என்று பேரம் பேசினார். பார்க்கலாம் என்று பெரியவள் பெரிய மனது பண்ணினாள்.

இப்போது கேமராவுக்கே ஆள் தெரியவில்லை. அவர் கிட்டப் போய் அதைக் குனிந்து பார்த்தார். கட்டை விரல் அகலத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள். இதற்குள் நம்மை எப்படித்தான் பார்க்கிறது? அவர் கண்ணைப் பக்கத்தில் வைக்க, பொடியனும் வந்து தன் கண்ணை வைத்தான்.

"அது கண்ணு சிமிட்டுமாப்பா?"

"சிமிட்டாது போல."

"அப்போ வலிக்காதா?"

வெளிச்சம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. எதிரில் புதுக் கட்டடம் எழும்புவதால் தூசி வரும் என்று மனைவி அந்தப் பெரிய ஜன்னலின் திரையை மூடியே வைத்திருப்பாள். ஐந்தாவது மாடி, சுவர் அகலத்துக்கு ஜன்னல். அவர் திரையை முழுக்க விலக்கிவிட்டார். வெயில் நேராக டிவியில் விழுந்தது. இப்போது கேமராவுக்கு அவர்களைத் தெரிந்ததோ இல்லையோ, அவர்களுக்கு டிவி தெரியவில்லை.

அதனால் என்ன, டிவியைத் திருப்பினால் போச்சு. மேசையோடு இழுத்து, அதன் முதுகு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி வைத்தார். வயர் எட்டவில்லை. படுக்கையறையிலிருந்து நீள வயர் எடுத்துவந்தார். அந்த வயரில் ஓடிக்கொண்டிருந்த படுக்கையறை ஸ்டாண்டு ஃபேனும் அதனால் கூடத்துக்கு வந்தது. அதைக் கொண்டுவந்து ஓரமாக நிற்க வைத்துச் சுழலவிட்டார். இதற்குள் வியர்வையில் சட்டை ஒட்டிப்போயிருந்தது.

"இரண்டு பேர் தெரிகிறார்கள்" என்றது டிவி.

பெரியவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் சட்டையும் சாம்பல் நிறம், பின்னால் இருக்கும் சோபாவும் சாம்பல் நிறம். "நீங்க சோபாவோட ஒட்டிப்போய்த் தெரியறீங்கப்பா" என்று காரணத்தைக் கண்டுபிடித்தாள். அறிவு அம்மாவைப் போல என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டபடி அவர் உள்ளே போய், வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டைகள், வெளிச்சம் பட்டால் கண் கூசும். மாட்டியதுதான் மாட்டினோம் என்று ஆரஞ்சுக் கையுறையும் ஹெல்மெட்டும்கூடப் போட்டார். வீட்டுக்குள் ஹெல்மெட் எதற்கு என்று பொடியன் கேட்டான். பூங்காவில் எது எப்போது தலையில் விழும் என்று சொல்ல முடியாது என்றார்.

"மூன்றாவது ஆள் இன்னும் இரண்டடி பின்னால் நிற்கவும்" என்றது டிவி.

ஆக, மூன்றாவது ஆள் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. ஆனால் பின்னால் இரண்டடி எங்கே இருக்கிறது? டிவி முன்னால் வந்ததில் கூடம் பாதியாகிவிட்டது. சோபாவை ஒதுக்கினார், அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேஜை. மேஜையைத் தள்ள முடியாது, அந்தப் பக்கம் சுவர். ஒரு கணம் யோசித்தார். பிறகு செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு மேஜை மேல் ஏறிவிட்டார்.

"அம்மா பார்த்தா?" என்றாள் பெரியவள்.

"அம்மா வர இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

"மூன்று பேர் தெரிகிறார்கள். பலூன் பயணம் ஆரம்பம்" என்றது டிவி.

மூன்று பேரும் சேர்ந்து ஒரே பலூனை ஓட்ட வேண்டும். பூங்காவின் இந்த மூலையில் கிளம்பி, கோபுரங்களில் இடிக்காமல் போய், அந்த மூலையில் உள்ள கட்டத்தில் இறக்க வேண்டும். அப்பாவுக்குச் சிரிப்பே வந்தது. தினமும் செய்கிற வேலைதானே?

வலது கையை உயர்த்தி விரலை மேலே காட்டி, சின்னதாக, சீராகச் சுழற்றினார். பலூன் மேலே எழும்பியது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பார்த்தியா?" என்றார். பெரியவள் கீழே நின்று தன் பாட்டுக்கு எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி பறக்குதுப்பா" என்றான் பொடியன்.

பலூனைச் சுற்றிப் பரிசுப் பெட்டிகள் பறப்பதை அவரும் பார்த்தார். அதில் கவனம் போனால் கோபுரத்தில் இடிக்கும். "பெட்டி கிடக்கட்டும் கண்ணு, முதல்ல பத்திரமாப் போய்ச் சேரணும்" என்றார். கையைப் பக்கவாட்டில் நீட்டினார். பலூன் திரும்பியது. ஒரு காற்று வந்து அதைத் தள்ளியது. உள்ளங்கையைக் கவிழ்த்து நிறுத்தச் சொன்னார், ஆட்டம் அடங்கும்வரை காத்தார். இவ்வளவு கச்சிதமாக அவர் வேலையிலும் கை காட்டியதில்லை. பார்க்கிறவள் பெற்ற பெண் அல்லவா?

கூடத்தில் ஒருமுறை வெயில் மங்கித் திரும்பியது. மேகம் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாகக் கையைக் கீழே காட்டி, நூல் பிடித்த மாதிரி இறக்கினார். மெதுவாக. இன்னும் மெதுவாக. பலூன் கட்டத்துக்குள் பூப்போல உட்கார்ந்தது. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது, அப்படியே நிறுத்து என்று அதற்கு அர்த்தம். திரையில் வாண வேடிக்கை வெடித்தது. பொடியன் கை தட்டினான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதோ உங்கள் வீரர்கள்" என்று டிவி, கேமரா எடுத்த படங்களைக் காட்டியது. முதல் படத்தில் பெரியவள், அந்தரத்தில், தலைக்கு மேல் கிரீடத்தோடு. அடுத்ததில் பொடியன். மூன்றாவது படத்தில், அதே போன்ற கிரீடத்தோடு, அவர்கள் வீட்டு ஃபேன்.

மூன்றாவது வீரருக்கு நாற்பது புள்ளி கொடுத்திருந்தார்கள்.

பெரியவள் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் படங்களை ஆராய்ந்தாள். தன் படத்தின் பின்னணியில், மேஜை மேல், மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஒளி மட்டும் இருந்ததைக் காட்டினாள். கோட்டுப் பட்டை பளபளத்ததில் கேமராவுக்குக் கண் கூசியிருக்கிறது.

"நீங்க விளையாட்டுலயே இல்லப்பா. நானும் தம்பியும் ஃபேனும்தான் ஓட்டியிருக்கோம்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அவள் தாளை எடுத்து, அவர் நின்றிருந்த மேஜையின் ஒரு ஓரத்தில் வைத்து, பென்சிலால் பல் டாக்டர் மாமா என்று நிதானமாக எழுதினாள். அவர் மேஜையிலிருந்து இறங்கினார். இருபது வருடம் காட்டிய கையைப் பார்த்தார். உண்மைதானே, கையில் என்ன இருக்கிறது? அது ஆடுகிறது, அவ்வளவுதான். ஃபேனும் ஆடுகிறது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. சோபாவைப் பழைய இடத்தில் தள்ளப் போனார்.

அழைப்பு மணி அடித்தது. பெரியவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஐந்து மாடி ஏறிவந்த மூச்சு வாங்கலோடு, உடம்பெல்லாம் சிமென்ட் தூசியாக, மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் நின்றார். எதிர்க் கட்டடத்து மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டார்.

"இந்த வீட்டு ஜன்னல்ல, பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு மேஜை மேல நின்னு கை காட்டினது யாரும்மா?"

மேஜை மேல் ஏறியதற்குக்கூடவா புகார் வரும் என்று அப்பா சோபாவுக்குப் பின்னால் ஒடுங்கினார். பெரியவளுக்கு அப்பாவை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"எங்கப்பாதான். பாவம், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க அங்கிள்" என்றாள். "அவர் கையை ஆட்டினா எதுவுமே நடக்காது."

"எதுவும் நடக்காதா?" மேஸ்திரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கையைப் பார்த்துத்தான் பாப்பா எங்க கிரேன்காரர் எங்க கழிப்பறைப் பெட்டியை அப்படியே தூக்கி, ரோட்டைத் தாண்டி, உங்க மொட்டை மாடியில பூ மாதிரி இறக்கி வச்சுட்டார், உள்ள எங்க இன்ஜினியர் இருக்கார், அப்பாவைக் கொஞ்சம் சீக்கிரமா வந்து திருப்பிக் கை காட்டச் சொல்லு."